எஞ்சின் நின்ற பிறகு முதல் இரண்டு நொடிகள்

வாசகர் கேள்வி: ஐயா, அல்ட்ராலைட் எனப்படும் மிக இலேசான வகையில், இரட்டை இருக்கை விமானத்தில் 22 மணி நேரம் பயிற்சி பெற்று, அண்மையில்தான் தனியே பறக்கத் தொடங்கியிருக்கிறேன். சென்ற மாதம் எங்கள் களத்தில் என் கண்ணெதிரே ஒரு விபத்து நடந்தது. மேலெழும்பிய சில நொடிகளிலேயே எஞ்சின் நின்றுபோக, விமானி ஓடுபாதைக்குத் திரும்ப முயன்றார். பாதித் திருப்பத்தில் ஓர் இறக்கை தாழ்ந்து விமானம் தரையில் மோதியது. அவர் உயிர் பிழைத்தார், ஆனால் இரு கால்களும் முறிந்துவிட்டன. எஞ்சின்தான் காரணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் இப்போது பழைய ஒற்றை இருக்கை விமானம் ஒன்றை வாங்கப் பேசி வைத்திருக்கிறேன். இரு-ஸ்ட்ரோக் எஞ்சின், ஸ்டால் வேகம், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்கக்கூடிய மிகக் குறைந்த வேகம், மணிக்கு 55 கி.மீ.; ஏறும் வேகம் 75 கி.மீ. எங்கள் ஓடுபாதை 350 மீட்டர் புல்தரை, கோடியில் மரங்கள். நல்ல எஞ்சின் இருந்தால் இந்த ஆபத்து நீங்கிவிடுமா? தொடக்கத்திலேயே செங்குத்தாக ஏறி உயரத்தைச் சேர்த்துக்கொள்வது நல்லதா? புது விமானத்தைப் பறப்பதற்கு முன், பழகிக்கொள்வதற்காகத் தரையிலேயே வேகமாக ஓட்டிப் பார்க்கலாமா? பாராசூட் பொருத்தினால் என் மனைவி நிம்மதியாக இருப்பார், அதை நம்பலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கண்ட விபத்தை நீங்களே மிகத் துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள்: "பாதித் திருப்பத்தில் ஓர் இறக்கை தாழ்ந்தது." அவருடைய கால்களை முறித்தது அந்த இறக்கை தாழ்ந்ததுதான், எஞ்சின் நின்றது அதற்கு முன்னால் நடந்த வேறொரு நிகழ்ச்சி. எஞ்சின் நின்ற அல்ட்ராலைட் ஒரு மோசமான கிளைடர், அதாவது எஞ்சினின்றி மிதந்து இறங்கும் விமானம், அவ்வளவுதான். அது பறந்துகொண்டே தரைக்கு வந்தால் பெரும்பாலும் சக்கரம் வளையும், இறக்கை கிழியும், ஆள் எழுந்து நடந்து வருவார். பறப்பதை நிறுத்திவிட்டு, அதாவது ஸ்டால் ஆகி, விழுந்தால்தான் உடல் முறிகிறது. எஞ்சினே இல்லாத காலத்திலும் இதுதான் நடந்தது. உடலின் எடையை நகர்த்தித் தன் கிளைடரைச் செலுத்திய ஜெர்மானிய முன்னோடி ஓட்டோ லிலியந்தால் 1896 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 15 மீட்டர் உயரத்தில் ஸ்டால் ஆகி விழுந்து, மறுநாள் இறந்தார். இன்றும் மேலெழும்பும்போது விழுகிற அல்ட்ராலைட்கள் பல அதே போன்ற உயரத்திலிருந்து, அதே காரணத்தால்தான் விழுகின்றன.

ஏன் இந்த வகை விமானங்கள் இதில் இவ்வளவு இரக்கமற்றவை என்பதற்கு விடை அவற்றின் எடையிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் 1982-இல் வந்த விதி, அல்ட்ராலைட் என்பதை ஒரே இருக்கையும், 254 பவுண்டுக்கு, அதாவது சுமார் 115 கிலோவுக்குக் குறைவான வெற்று எடையும் உடையது என்று வரையறுத்தது. இவ்வளவு இலேசான உடலும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்களும் கம்பிகளும் சேர்ந்தால், உந்துவிசை நின்றவுடன் வேகமும் நின்றுவிடும். கனமான விமானத்தில் எஞ்சின் நின்றால், மிதிப்பதை நிறுத்திய சைக்கிள் போலச் சிறிது தூரம் ஓடும். அல்ட்ராலைட் அப்படியன்று, மணலில் புகுந்த சைக்கிள் போன்றது.

உங்கள் விமானத்தின் எண்களையே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். நீங்கள் 10 டிகிரி சாய்வில் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். எஞ்சின் இல்லாதபோது 7 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் இறங்கும் விமானம் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் நின்ற பிறகும் மூக்கை அதே இடத்தில் வைத்திருந்தால், புவியீர்ப்பும் காற்றின் இழுவையும் சேர்ந்து ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ மணிக்கு 11 கி.மீ. வேகத்தைப் பறித்துக்கொள்ளும். உங்களிடம் உள்ள இருப்பு 75-க்கும் 55-க்கும் இடையிலுள்ள 20 கி.மீ. மட்டுமே, அது இரண்டு நொடிக்குள் தீர்ந்துவிடும். எதிர்பாராத ஓசையின்மையைக் கேட்ட மனிதர், "என்ன ஆயிற்று?" என்று எஞ்சின் பக்கம் திரும்பிப் பார்ப்பதற்கே அவ்வளவு நேரம் ஆகிவிடும். ஆகவே எஞ்சின் நிற்குமோ என்று ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் விமானிக்கு மட்டுமே அந்த இரண்டு நொடி போதும். அது ஓடும் என்று நம்பி உட்கார்ந்திருப்பவருக்குப் போதாது. உங்கள் நான்கு ஐயங்களுக்கும் நான் இந்த இடத்திலிருந்துதான் விடை சொல்லப் போகிறேன்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. நீங்கள் வாங்கவிருக்கும் விமானத்தில் எஞ்சின் இறக்கைக்கு மேலோ பின்னோ உயரமாகப் பொருத்தப்பட்டிருந்தால், அதன் உந்துவிசை மூக்கை எப்போதும் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். அது நின்றவுடன் அந்த அழுத்தம் விலகி, மூக்கு தானாகவே மேலே எழும்ப முயலும். நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அது தவறான பக்கமே போகும் என்பதால், அத்தகைய விமானத்தில் மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியான ஸ்டிக்கை முன்னே தள்ளுவது மிகத் தெளிவான, உறுதியான செயலாக இருக்க வேண்டும். ட்ரைக் எனப்படும், எடையை நகர்த்திச் செலுத்தும் வகைக்கு எப்போதாவது மாறினால், அங்கே எல்லாமே எதிர்மாறு: வேகம் வேண்டுமானால் குறுக்குக் கம்பியைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். தரையில் முன்சக்கரத்தைத் திருப்புவதற்கும், வாலிலுள்ள திருப்புத் தகடான ரடரை இயக்கும் மிதிக்குப் பழகிய கால்கள் செய்வதற்கு நேர்மாறாக மிதிக்க வேண்டும். அமைதியான நேரத்தில் இதை எவரும் நினைவில் வைத்துக்கொள்வார். திகைப்பில் கை பழைய பழக்கத்துக்கே போகும். அதனால்தான் பல நூறு மணி நேரம் பறந்தவர்களும் அந்த வகையில் முறையான மாற்றுப் பயிற்சி பெற வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

செங்குத்தாக ஏறுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உயரம் சேமிப்பு என்ற எண்ணம் சரிதான். ஆனால் தரைக்கு அருகில் வேகத்தைச் செலவிட்டு உயரம் வாங்குவது நட்டமான வியாபாரம். ஸ்டால் வேகமான 55-லிருந்து மறுபடி 75-க்கு வர, இழுவையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 10 மீட்டர் உயரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். உண்மையில் அதற்கு மேலும் ஆகும். அதன் பிறகு தரையை ஒட்டி மூக்கை நிமிர்த்தி இறங்குவதற்கும் வேகம் மீதம் இருக்க வேண்டும். 20 மீட்டர் உயரத்தில், மூக்கு வானத்தைப் பார்க்க, 60 கி.மீ. வேகத்தில் எஞ்சினை இழந்தவருக்கு இந்தக் கணக்கு எந்த வகையிலும் நேராகாது. அதே 20 மீட்டரில் 75 கி.மீ. வேகத்துடன் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தவருக்கு நேராகும். சக்கரம் தரையை விட்டதும் ஓர் இறக்கை நீளத்துக்குள்ளான உயரத்தில், தரையின் அருகாமையால் இழுவை குறைந்திருக்கும். அங்கே மூக்கைத் தாழ்வாக வைத்து முழு ஏறும் வேகத்தை எட்டிய பிறகே ஏறத் தொடங்குங்கள். பார்ப்பவர்களின் கைதட்டலுக்காகச் செங்குத்தாக ஏறுபவர்களை எல்லாக் களங்களிலும் காணலாம். அவர்களுடைய எஞ்சின் இதுவரை நிற்கவில்லை என்பதைத் தவிர அதில் திறமை எதுவும் இல்லை.

திரும்பி வரும் முயற்சியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் களத்து விமானியை வீழ்த்தியது அதுதான் என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓடுபாதைக்குத் திரும்புவது 180 டிகிரித் திருப்பம் என்று தோன்றும். அப்படித் திரும்பினால் ஓடுபாதைக்கு இணையாக, ஆனால் பக்கத்தில் தள்ளி வந்து நிற்பீர்கள். 45 டிகிரி சாய்வில், 85 கி.மீ. வேகத்தில் திரும்பினால் வட்டத்தின் ஆரம் 57 மீட்டர். எனவே 114 மீட்டர் பக்கவாட்டில் விலகியிருப்பீர்கள். அதைச் சரிசெய்ய இன்னும் 45 டிகிரி போலத் திரும்பி, பிறகு எதிர்ப்பக்கம் அதே அளவு திரும்பி நேராக வேண்டும். மொத்தம் 270 டிகிரி. பிழையின்றிச் செய்தாலும் 11 நொடி. சாய்ந்து திரும்பும்போது இறங்கும் வேகமும் கூடும் என்பதால், திருப்பங்களுக்கு மட்டுமே ஏறத்தாழ 60 மீட்டர் உயரம் செலவாகும். தொடக்கத் திகைப்பும், மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்பதும், கடைசியில் நிமிர்வதும் இதில் சேரவில்லை.

இதற்கிடையே ஸ்டால் வேகம் ஓரிடத்தில் நிற்பதில்லை. 45 டிகிரி சாய்வில் உங்கள் 55 கி.மீ. 65 ஆகிவிடும், 60 டிகிரியில் 78 ஆகிவிடும், அதாவது உங்கள் ஏறும் வேகத்தையே தாண்டிவிடும். மேலும், எதிர்க்காற்றில் கிளம்பியவர் திரும்பியதும் காற்று முதுகுப் பக்கம் வந்துவிடும். தரை வேகமாக ஓடுவதைக் கண்டு, வேகம் மிகுதியாக இருக்கிறது என்று மயங்கி ஸ்டிக்கை இழுப்பார். திருப்பம் போதவில்லை என்று ரடரை மிதிப்பார். இழுத்த ஸ்டிக்கும் மிதித்த ரடரும் சேர்ந்தால் உள்பக்க இறக்கை முதலில் ஸ்டால் ஆகும். நீங்கள் கண்டது அதுவாகத்தான் இருக்கும் என்று உங்கள் விவரிப்பிலிருந்து ஊகிக்கிறேன். முடிவாகச் சொல்ல வேண்டியவர்கள் விசாரணை செய்பவர்கள்.

இவ்வளவையும் தாண்டி அவர் திரும்பி வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 15 கி.மீ. காற்று வீசும் நாளில், 60 கி.மீ. வேகத்தில் காற்றை எதிர்த்து இறங்கினால் தரையைத் தொடும் வேகம் 45. காற்றோடு இறங்கினால் 75. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், இரண்டாவது முறையில் அது ஏறக்குறைய 2.8 மடங்கு. நேரே முன்னால் இருப்பது மேடு பள்ளமான புதர்க்காடாக இருந்தாலும், பறக்கும் நிலையிலேயே, காற்றை எதிர்த்து அதில் இறங்குவது மேல் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். இடமோ வலமோ 30 டிகிரி அளவுக்கு மெதுவாக விலகி நல்ல இடம் தேடலாம். அதற்கு மேல் வேண்டாம். உங்கள் ஓடுபாதைக் கோடியில் மரங்கள் இருப்பதால், ஒருநாள் அங்கே நடந்து போய், அவற்றுக்கு அப்பால் என்ன இருக்கிறது, எந்த இடைவெளியில் நுழையலாம், எங்கே மின்கம்பி போகிறது என்று பார்த்து வையுங்கள். மேலே இருக்கும்போது தேட நேரம் இராது.

இனி எஞ்சின். உங்கள் களத்தார் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. இந்த வகை விமானங்களில் பரவலாக உள்ள ரோட்டாக்ஸ் இரு-ஸ்ட்ரோக் எஞ்சின்களின் கையேடுகளே, இந்த எஞ்சின் அதன் வடிவமைப்பின் இயல்பிலேயே திடீரென்று நின்றுபோகக்கூடும் என்று எச்சரிக்கின்றன. போதிய அளவு சூடாகும் முன் முழு த்ராட்டில் கொடுத்தால், அதாவது எஞ்சின் விசையை முழுதாகக் கூட்டினால், பிஸ்டன் சிலிண்டரைவிட விரைவாக விரிந்து இறுகிப்போகும். ஈரப்பதம் மிகுந்த நாளில், வெயிலடித்தாலும்கூட, கார்புரேட்டருக்குள் பனி உறையலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை உறிஞ்சி, நாள்பட்டால் அடியில் பிரிந்து தங்கும். பழைய விமானம் வாங்குபவர் எரிபொருள் குழாய்கள், வடிகட்டி, பம்ப்பின் சவ்வு ஆகியவற்றை எவ்விதத் தயக்கமும் இன்றிப் புதிதாக மாற்றிவிட வேண்டும். விற்பவர் "போன வருடம்தான் போட்டேன்" என்று சொன்னாலும்.

ஆனால் மேலெழும்பும்போது எஞ்சின் நிற்பதற்கு எஞ்சின் பழுதாக இருக்க வேண்டும் என்பதில்லை. என் தொடக்க நாள்களில் ஒருமுறை எரிபொருள் வால்வைத் திறக்காமலே கிளம்பினேன். கார்புரேட்டர் கிண்ணத்திலும் குழாயிலும் இருந்த பெட்ரோல், எஞ்சினைக் கிளப்பி, ஓடுபாதைக்கு ஓட்டிச் சென்று, மேலே எழும்புவதற்குச் சரியாகப் போதுமானதாக இருந்தது. சுமார் 20 மீட்டர் உயரத்தில் தீர்ந்தது. நீளமான ஓடுபாதை இன்னும் பாதிக்கு மேல் முன்னால் கிடந்ததால் நேராக இறங்கிவிட்டேன். அன்று முதல், கிளம்புவதற்கு முன் அந்த வால்வைக் கையால் தொட்டுப் பார்க்காமல் நான் த்ராட்டிலைத் திறந்ததில்லை. நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சின் போட்டால் நிற்கும் வாய்ப்பு குறையும், நீங்காது. அதன் கூடுதல் எடையை உங்கள் விமானத்தின் சட்டகம் தாங்குமா என்பது தனிக் கேள்வி. இறக்கையை மடித்துக் கொண்டுபோகும் விமானமானால், ஒவ்வொரு முறை பொருத்திய பிறகும் ஊசிகளையும் பாதுகாப்பு வளையங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் இடது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடான எய்லரான் மேலே எழ வேண்டும்; அசைகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, சரியான பக்கம் அசைகிறதா என்று பார்க்க வேண்டும்.

தரையில் வேகமாக ஓட்டிப் பழகலாமா என்ற கேள்விதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது, ஏனென்றால் இது பாதுகாப்பான வழி என்று தோன்றுவதால்தான் எல்லாரும் இதைச் செய்கிறார்கள். நீங்கள் பழகியது இருவர் எடையைச் சுமந்த விமானம். ஒற்றை இருக்கை விமானம் முழு த்ராட்டிலில் நீங்கள் எதிர்பார்ப்பதற்கு வெகு முன்பே தரையை விட்டுவிடும். ஒரு மேட்டில் சக்கரம் ஏறினாலோ, எதிரே ஒரு சிறு காற்று அடித்தாலோ போதும். பறக்கும் எண்ணமே இல்லாத ஒருவர் திடீரென்று 3 மீட்டர் உயரத்தில் இருப்பார். திடுக்கிட்டு த்ராட்டிலை மூடுவார். வேகம் சட்டென்று போகும். விமானம் கல்லைப் போல விழும். அல்லது ஸ்டிக்கைத் தள்ளி, பிறகு இழுத்து, ஏற்ற இறக்கமாகக் குதித்துக்கொண்டே போய் மூக்கைக் குத்துவார். தலைக்கவசம் போடவில்லை, தோள் வாரை இறுக்கவில்லை, "வெறும் தரை ஓட்டம்தானே" என்று எரிபொருளைக்கூடப் பார்க்கவில்லை என்பதெல்லாம் பிறகுதான் தெரியவரும்.

ஆகவே சைக்கிள் வேகம் வரை ஓட்டி, திருப்பத்தையும் பிரேக்கையும் பழகிக்கொள்ளுங்கள். த்ராட்டிலைப் பாதிக்கு மேல் திறக்கும் எந்த ஓட்டத்தையும் மேலெழும்புதல் என்றே கருதி, எல்லாச் சோதனைகளையும் முடித்து, பறக்கத் தயாராகவே செய்யுங்கள். அதற்கு முன், இதைப் போலவே இழுவை மிகுந்த, வேகத்தை விரைவில் இழக்கும் இரட்டை இருக்கை விமானம் ஒன்றில் பயிற்சியாளருடன் சில மணி நேரம் பறப்பது அவசியம். வழவழப்பான உடல் கொண்ட நவீன விமானத்தில் பெற்ற 22 மணி நேரம் இதற்கு ஈடாகாது.

ஓடுபாதையின் நீளத்தையும் பார்த்துவிடுவோம். 15 மீட்டர் உயரத் தடையைத் தாண்டக் கையேடு 150 மீட்டர் போதும் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். சிறு விமானங்களுக்கு பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் தந்துள்ள பெருக்கல் எண்களின்படி, ஈரப்புல்லுக்கு 1.3, ஒவ்வொரு 10 டிகிரி கூடுதல் வெப்பத்துக்கும் 1.1, 2 சதவீத மேட்டுச் சரிவுக்கு 1.1, மேலெழும்பும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு பின்காற்றுக்கு 1.2. இவற்றை ஒன்றோடொன்று கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். கையேடு கூறும் வெப்பநிலையைவிட 20 டிகிரி மிகுந்த ஒரு நாளில், மற்றவை எல்லாம் சேர்ந்தால் 150 என்பது 311 ஆகும். அவர்கள் சொல்லும் 1.33 பாதுகாப்பு எண்ணையும் சேர்த்தால் 414. உங்களிடம் இருப்பது 350. இத்தனைக்கும் இதில் வரும் பின்காற்று மணிக்கு 6 கி.மீ. மட்டுமே, முகத்தில் படுவதுகூடச் சுகமாக இருக்கும் காற்று. பாதி ஓடுபாதையில் எழும்பும் வேகத்தின் 70 சதவீதத்தை எட்டாவிட்டால் கைவிடுக என்று ஒரு பழைய விதி உண்டு. கோடியில் மரங்கள் இருப்பதால் அது உங்களுக்குப் போதாது. 175 மீட்டரில் வெள்ளையடித்த அடையாளம் ஒன்றை ஓரத்தில் வையுங்கள். அதைக் கடக்கும்போது சக்கரங்கள் தரையை விட்டிருக்காவிட்டால் த்ராட்டிலை மூடிவிடுங்கள்.

பாராசூட்டைப் பொருத்துங்கள். விமானத்தையே தாங்கி இறக்கும் இந்த ராக்கெட் பாராசூட்கள் 1980-களின் தொடக்கத்திலிருந்து பல உயிர்களைக் காத்திருக்கின்றன. இறக்கை முறிந்தாலோ, நடுவானில் மோதினாலோ வேறு வழியே கிடையாது. ஆனால் அது விரிந்து காற்று நிறைவதற்கு நேரமும் உயரமும் வேண்டும். 20 மீட்டரில் இறக்கை தாழ்ந்துவிட்ட பிறகு கைப்பிடியை இழுத்துப் பயனில்லை. பாதுகாப்பு ஊசியை எடுக்காமல் பறப்பவர்களுக்கு எந்த உயரத்திலும் பயனில்லை. அதன் எடையையும் மேலே சொன்ன கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் மனைவியிடம், அது உயரத்தில் நேரும் ஆபத்துகளுக்கானது என்றும், மேலெழும்பும்போதான பாதுகாப்புக்காக நீங்கள் தனியே ஒரு பயிற்சி செய்யப் போகிறீர்கள் என்றும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

அந்தப் பயிற்சி இது. பயிற்சியாளருடன் 300 மீட்டருக்கு மேல் ஏறி, ஏறும் நிலையில் அவர் முன்னறிவிப்பின்றி த்ராட்டிலை மூடட்டும். முதல் இரண்டு முறை வேண்டுமென்றே மூக்கைத் தாழ்த்தாமல், வேகமானியில் வேகம் எப்படிக் கரைகிறது என்று மட்டும் பாருங்கள். பிறகு, ஓசை நின்ற கணமே ஸ்டிக்கை முன்னே தள்ளிப் பழகுங்கள். ஒருமுறை அதே உயரத்தில் ஓடுபாதைக்குத் திரும்புவது போல முழுத் திருப்பங்களையும் செய்து, எத்தனை மீட்டர் இழந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். அதோடு, ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும், த்ராட்டிலில் கை வைத்தபடி, "எஞ்சின் நிற்கும், மூக்கு கீழே, நேரே முன்னால், இறங்கும் இடம் இன்னது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பயிற்சியாளர் பத்து முறை த்ராட்டிலை மூடினால் பத்து முறையும் வேகம் 65-க்குக் கீழே போகாமல் நீங்கள் பிடித்துவிட்டீர்கள் என்று அவர் உங்கள் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகு, அந்தப் பழைய விமானத்துக்கு முன்பணம் கொடுங்கள்.